பக்கத்து சீட்டு பிரேக்

— சாவியைக் குடுங்க அக்கா.

— குடுக்க மாட்டேன் மாஸ்டர்.

— நான் கத்துக்குடுக்கறவன், நீங்க கத்துக்கறவங்க. டிரைவிங் ஸ்கூல் வண்டில சாவி யார் கைல இருக்கணும்னு ஒரு முறை இருக்கு.

— அதே முறைப்படி, இப்ப பஸ் குறுக்க வந்தப்ப உங்க கால்மாட்டுல இருக்கற ரெண்டாவது பிரேக்கை நீங்க மிதிச்சிருக்கணும். முப்பத்தெட்டு நாளா காக்கா பறந்தாகூட மிதிக்கற கால் அது. இன்னைக்கு பஸ்ஸே வந்து நிக்குது, அசையல.

— உங்க மேல நம்பிக்கை வந்துடுச்சுன்னு வெச்சுக்குங்களேன்.

— மூணாவது கியர் போடத் தெரியாதவ மேலயா?

— தப்பா எடுத்துக்காதீங்க அக்கா, மூணாவது கியரை நீங்க போடறதில்ல, அதோட மல்லுக்கட்டறீங்க. ஆனா இப்ப வண்டியை ஒடிச்சு ஓரமா நிறுத்தினீங்க பாருங்க, தூங்கற குழந்தையைத் தொட்டில்ல போட்ட மாதிரி இருந்துச்சு. இதை எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க இத்தனை நாளா?

— பயத்துல வந்துடுச்சு. பேச்சை மாத்தாதீங்க. என்ன போட்டீங்க?

— டீ.

— கண்ணு பாதி மூடியிருக்கு. நாக்கு தடிச்சுப் போயிருக்கு. கண்ணாடியைப் பாருங்கன்னு சொல்லிட்டு நீங்க உங்க முழங்காலைப் பாத்துட்டு வர்றீங்க. இருபத்தாறு வருஷமா மருந்துக்கடை கவுண்டர்ல நிக்கறவகிட்ட வந்து டீங்கறீங்களே.

— உங்ககிட்டதானே வாங்கினேன். மறந்திருப்பீங்கன்னு நெனச்சேன்.

— மறக்கல. ரெண்டு மாத்திரை எழுதிருந்த சீட்டு. தினம் போடறது ஒண்ணு, அவசரத்துக்குப் போடறது ஒண்ணு. ரெண்டும் சேர்ந்துதான்னு சொன்னேன். நீங்க அவசரத்துக்கானதை மட்டும் எடுத்துக்கிட்டு, இன்னொண்ணை அடுத்த வாரம் வாங்கிக்கறேன்னு போனீங்க. அடுத்த வாரம் வரவே இல்ல.

— வந்தேன் அக்கா. வாசல் வரைக்கும். உள்ள ரெண்டு பேர் நின்னுட்டிருந்தாங்க, திரும்பிட்டேன்.

— சரி. எத்தனை மணிக்குப் போட்டீங்க?

— வண்டில ஏறறதுக்கு அரை மணி முன்னாடி. ஒண்ணுதான்.

— இதுக்கு முன்னாடி? மத்த பிள்ளைங்களை உக்கார வெச்சுக்கிட்டுப் போறப்ப?

— இல்லக்கா. இதோ பாருங்க அட்டை. டாக்டர் பத்துதான் எழுதினாரு. ஒம்போது அப்படியே இருக்கு. ரெண்டு மாசமா பர்ஸுல வெச்சு வெச்சு ஓரமெல்லாம் மடங்கிப் போச்சு. போடணும்னு இல்ல, இருக்குன்னு தொட்டுப் பாத்துக்குவேன்.

— அப்ப இன்னைக்கு எதுக்கு?

— இன்னைக்குப் பாலம்.

— எந்தப் பாலம்?

— ஊர்ல எத்தனை பாலம் இருக்கு? ஆத்துப் பாலம்தான். நேத்து முதலாளியம்மா என்னைக் கூப்பிட்டு உக்கார வெச்சாங்க. உக்காருன்னு சொன்னாலே ஏதோ ஆபத்துன்னு தெரியும், அந்த ரூம்ல ஒரே நாற்காலிதான், அவங்க எந்திரிச்சுக் குடுத்தாங்க. ‘மாஸ்டர், நாலு மாசத்துல உன்கிட்ட படிச்ச பதினோரு பேர் டெஸ்ட்ல ஃபெயில். பதினோரு பேரும் ஒரே இடத்துல. பாலத்து ஏத்தத்துல வண்டியை நிறுத்தி எடுக்கச் சொன்னா பின்னாடி உருட்டறாங்க. என்னன்னு கேட்டா, மாஸ்டர் எங்களைப் பாலத்துக்கே கூட்டிட்டுப் போகலங்கறாங்க’ அப்படின்னாங்க.

— நீங்க என்ன சொன்னீங்க?

— பாலத்துல டிராஃபிக்னு சொன்னேன். ‘காலைல ஆறு மணிக்குமா’ன்னு கேட்டாங்க. ரோடு வேலை நடக்குதுன்னேன். ‘எந்த ரோடு’ன்னாங்க. அதுக்கு மேல பொய் ஸ்டாக் இல்ல. நாளைலேர்ந்து எல்லாரையும் பாலத்துல ஏத்து, முதல்ல அந்த மருந்துக்கடை அம்மாவை ஏத்துன்னு சொல்லிட்டாங்க. எதுக்கு முதல்ல அவங்கன்னு கேட்டா சிரிக்கறாங்க. நீங்க பாலத்துல மூணாவது கியர் போட்டா வண்டி ஆத்துல போய்தான் நிக்கும், அது அவங்களுக்குத் தெரியாது.

— தெரிஞ்சிருக்கும். பாலத்துல என்ன ஆச்சு உங்களுக்கு?

— ஒண்ணும் ஆகல. அதான் பிரச்சினை.

— சொல்லுங்க. வண்டி ஓரமா நிக்குது, எனக்குக் கடை சாயங்காலம்தான்.

— நாலு மாசம் முன்னாடி பேங்க்ல வேலை பாக்கற ஒருத்தர் என்கிட்ட கத்துக்க வந்தாரு, நல்லா ஓட்டுவாரு. நடுப் பாலத்துல எல்லா வண்டியும் நின்னுபோச்சு. முன்னாடி லாரி, பின்னாடி லாரி. திடீர்னு நெஞ்சுல யாரோ உக்காந்துட்டாங்க. கை சில்லுன்னு ஆகுது, காது அடைக்குது, மூச்சு பாதியிலயே திரும்பிப் போகுது. சரி, நம்ம கணக்கு முடிஞ்சதுன்னு முடிவு பண்ணிட்டேன். அவர்கிட்ட ‘சார், மிர்ரரைப் பாத்துக்குங்க’ன்னு சொன்னேன். கடைசி வார்த்தையா வேற ஏதாவது நல்லதா சொல்லியிருக்கலாம், அதுவும் தோணல.

— அப்பறம்?

— அவர்தான் என்னை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிட்டுப் போனாரு. இண்டிகேட்டர் எல்லாம் ஒழுங்காப் போட்டாரு, அந்த நிலைமைலயும் எனக்குப் பெருமையா இருந்துச்சு. அங்க நெஞ்சு முழுக்க வயரை ஒட்டிப் பாத்துட்டு, உங்க இதயம் பிரமாதமா இருக்குங்கறாங்க. அதைவிட அவமானம் உண்டா? ஹார்ட் அட்டாக்னா ஒரு மரியாதை இருக்கு அக்கா. நாலு பேர் பழம் வாங்கிட்டு வருவாங்க. பதற்றம்னு சொன்னா யார் வருவா?

— வீட்ல சொன்னீங்களா?

— வாயுன்னு சொன்னேன். அன்னைலேர்ந்து எனக்குப் பருப்பே கிடையாது.

— பாலத்துல மட்டும்தானா?

— முதல்ல பாலம். அப்பறம் பாலத்துக்குப் போற ரோடு. அப்பறம் அந்த ரோட்டுக்குத் திரும்பற சிக்னல். இப்ப என் மாணவர்களுக்கு இந்த ஊர்ல டயர் கடை, பெட்ரோல் பங்க், பள்ளிக்கூடச் சுவர், இதைச் சுத்தி வர்றதைத் தவிர ஒண்ணும் தெரியாது. செக்கு மாடாட்டம் பதினோரு பேரை உருவாக்கிட்டேன். அவங்களை ஃபெயில் பண்ணினது அந்த டெஸ்ட் அதிகாரி இல்ல, நான்.

— அந்த இன்னொரு மாத்திரையை ஏன் வாங்கல?

— கேட்டா சிரிப்பீங்க.

— நான் கவுண்டருக்குப் பின்னாடி சிரிச்சு நீங்க பாத்திருக்கீங்களா?

— கவுண்டருக்கு முன்னாடியும் பாத்ததில்ல. சரி, சொல்றேன். தினம் போடணும்னாரு டாக்டர். ஆனா ரெண்டு மூணு வாரத்துக்கு ஒண்ணும் தெரியாதுன்னாரு. போட்டதும் கேக்கலைன்னா அது என்ன மாத்திரை? ஃபோன்ல தேடிப் படிச்சேன், வயித்தைப் பொரட்டும், தூக்கம் போகும்னு போட்டிருக்கு. ஏற்கெனவே எனக்கு இல்லாததையெல்லாம் அது எடுத்துக்கும்னா, நான் எதைக் குடுக்கறது?

— பொரட்டும்தான். சாப்பிட்டுட்டுப் போட்டா கொறையும். முதல் வாரம் சிலருக்குப் பதற்றமே கொஞ்சம் கூடும், அதையும் சொல்லிடறேன். அந்த வாரத்துலதான் பாதிப் பேர் நிறுத்திட்டு, நேரா வந்து என்னைத் திட்டிட்டுப் போவாங்க. மீதிப் பேர் ரெண்டு வாரம், நாலு வாரம், சிலருக்கு ஆறு வாரம் பொறுப்பாங்க. ஒரு நாள் கடைக்கு வந்து இருமல் மருந்து கேட்டுட்டு, ‘அக்கா, நேத்து லிஃப்ட்ல ஏறினேன்’ம்பாங்க. அவ்ளோதான். மேளதாளம் எதுவும் இருக்காது.

— ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கற டீசல் வண்டி மாதிரி.

— வண்டி மாதிரி எல்லாம் இல்ல. மாத்திரை மாதிரி.

— வாழ்நாள் பூராவா?

— சரியானப்பறம் ஆறு மாசமோ ஒரு வருஷமோ தொடரச் சொல்வாங்க. அப்பறம் டாக்டரே கொஞ்சம் கொஞ்சமா கொறைப்பாரு. நீங்களா ஒரு காலைல எழுந்து வேண்டாம்னு நிறுத்தக் கூடாது, தலை சுத்தும், எரிச்சல் வரும், திரும்பவும் பழைய இடத்துல வந்து நிப்பீங்க.

— நான் இன்னைக்கு பர்ஸுலேர்ந்து எடுத்துப் போட்டேனே, இது அரை மணில கேக்குதே. இதையே தினம் போட்டா என்ன?

— அரை மணில கேக்கறதுதான் அதுல இருக்கற வம்பு. ஒரு மாசம் தினம் போட்டா உடம்பு அது இல்லாம இருக்க மாட்டேங்கும். அதான் பத்தே பத்து. மோசமான நாள்ல, வீட்ல, வேற வேலை இல்லாம உக்காந்திருக்கறப்ப போடறதுக்கு. அந்த அட்டை மேல சிவப்பு எழுத்துல வண்டி ஓட்டாதேன்னு போட்டிருக்கு, படிச்சீங்களா?

— நான் ஓட்டலையே. பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்.

— மாஸ்டர்.

— தப்புதான் அக்கா.

— அந்த பஸ்ல எத்தனை தலை தெரிஞ்சுது உங்களுக்கு?

— தப்புதான்னு சொல்லிட்டேனே. எண்ணாதீங்க, நானே எண்ணிட்டேன். நின்ன எடத்துல மொதல் வேலை அதைத்தான் பண்ணினேன்.

— சரி.

— மேடைல பேசறவங்க ஒரு மாத்திரை போட்டுக்கறாங்களாமே. கை நடுக்கம், படபடப்பு ரெண்டும் நிக்குமாம், தூக்கமும் வராதாம். எங்க ஸ்கூல்லயே ஒரு மாஸ்டர் வெச்சிருக்காரு. ஒண்ணு குடுக்கறேன்னாரு.

— வாங்கினீங்களா?

— இல்ல.

— நீங்க இழுப்புக்கு ஸ்ப்ரே அடிக்கறவரு. போன வாரம்கூட அடிச்சீங்க. இழுப்பு இருக்கறவங்க அதைத் தொடக் கூடாது, மூச்சுக்குழாய் சுருங்கிடும். அடுத்தவங்க சட்டைப் பைலேர்ந்து மருந்து வாங்கறதுல இதுதான் பிரச்சினை. அவருக்கு நல்லது பண்றது உங்களைப் படுக்க வெச்சுடும்.

— உங்க கடைல இதுக்கு மொத்தம் எத்தனை டப்பா இருக்கு?

— ரெண்டு தட்டு நெறைய. ஒண்ணு ஒத்துக்கலைன்னா வேற. பழக்கமே ஆகாத ஒண்ணு இருக்கு, அதுக்கும் வாரக்கணக்குல பொறுமை வேணும். அரிப்புக்குக் குடுக்கறதுலயே ஒண்ணு இருக்கு, ஆனா அதுவும் தூங்கத்தான் வெக்கும். எது உங்களுக்குன்னு டாக்டர்தான் சொல்லணும். நான் எடுத்துக் குடுக்கறவ. ஆனா ஒண்ணு சொல்றேன், தினம் அதுல ஒண்ணைப் போட்டுட்டு வேலைக்குப் போறவங்க இந்த ஊர்ல எத்தனை பேருன்னு தெரிஞ்சா, வாசல்ல ரெண்டு பேரைப் பாத்துத் திரும்பினோமேன்னு வெக்கப்படுவீங்க. அந்த ரெண்டு பேரும் எதுக்கு வந்தாங்கன்னு நெனச்சீங்க?

— நெஜமாவா?

— நான் ஒண்ணும் சொல்லல.

— அக்கா, உள்ளதைச் சொல்லிடறேன். பொரட்டல், தூக்கம் எல்லாம் சாக்கு. எனக்குப் பயம் வேற. நான் இருக்கற இடத்துல நாலு பேர் சிரிப்பாங்க. எனக்குன்னு இருக்கற சொத்து அதுதான். அந்த மாத்திரை பயத்தை எடுக்கறப்ப அதையும் சேத்து எடுத்துடுச்சுன்னா? பயமும் ஜோக்கும் ஒரே டப்பாலதான் இருக்கும்போல எனக்குத் தோணுது.

— உங்க ஜோக் காணாமப் போற அளவுக்கு அவ்ளோ நல்லா ஒண்ணும் இல்ல.

— பாத்தீங்களா, இதைத்தான் சொல்றேன்.

— சிலருக்கு எல்லாமே மரத்துப்போன மாதிரி இருக்கும், இல்லன்னு சொல்ல மாட்டேன். அப்ப வாயைத் திறந்து சொல்லணும். அளவைக் கொறைப்பாங்க, இல்ல மாத்துவாங்க. நீங்க சிரிப்பு காட்டறவரா இருக்கறது பயத்தால இல்ல. எனக்கு அது தெரியும்.

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— தினம் அரை மணி முன்னாடியே வந்து ஷெட்ல உக்காந்துக்கறேனே, எதுக்குன்னு நெனச்சீங்க? உங்ககிட்ட எனக்கு முன்னாடி ஒரு பொண்ணு வரும், துணி தைக்கற பொண்ணு. மூணு நாள் ஸ்டியரிங்கைத் தொடாம அழுதுச்சு. வேற யாரா இருந்தாலும் வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. நீங்க எஞ்சினையே போடல. செருப்பைக் கழட்டச் சொன்னீங்க. ‘கிளட்ச்சைக் காலால மிதிக்காதம்மா, பாதத்தால கேளு. உன் தையல் மெஷின் பெடல் என்ன பேசுதோ அதேதான் இதுவும் பேசும்’னு சொல்லிட்டு, வண்டியை விட்டு எறங்கி அந்தப் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கிட்டு நின்னீங்க. பாத்தா அதுக்குக் கூச்சமா இருக்கும்னு. நாலாவது நாள் அது பெட்ரோல் பங்க் வரைக்கும் ஓட்டிட்டுத் திரும்பி வந்தப்ப, நீங்க எறங்கி ரோட்ல நின்னு போலீஸ்காரர் மாதிரி சல்யூட் அடிச்சீங்க. அந்தப் பொண்ணு சிரிச்ச சிரிப்பை நான் பாத்தேன். மாத்திரை குடுத்து அப்படி ஒருத்தரைச் சிரிக்க வெக்க என்னால முடிஞ்சதில்ல.

— அது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல அக்கா.

— இருபத்தாறு வருஷமா பயந்தவங்களை நான் பாத்துட்டிருக்கேன். பயந்தவங்ககிட்ட எப்படிப் பேசணும்னு தெரிஞ்ச ஆளை விரல் விட்டு எண்ணிடலாம். அந்தச் சீட்டுல டாக்டர் மூணாவதா ஒண்ணு எழுதியிருந்தாரே, அதைப் படிச்சீங்களா?

— பேசிச் சரி பண்ற டாக்டரம்மா. போனேன். ஒரு தடவை. அவங்க சொல்றாங்க, முதல் நாள் பாலத்தைத் தூரத்துலேர்ந்து பாருங்க, அப்பறம் நடந்து பாதி தூரம் போங்க, அப்பறம் பக்கத்துல ஒருத்தரை உக்கார வெச்சுக்கிட்டு வண்டில போங்கன்னு. எனக்குக் கோவம் வந்துடுச்சு. அது என்னோட பாடமாச்சே. நான் எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கறதையே எனக்குத் திருப்பிச் சொன்னா?

— அப்ப பாடம் சரியாத்தானே இருக்கு.

— வாத்தியாருக்கு வாத்தியார் யாரு அக்கா? என் பக்கத்துல ரெண்டாவது பிரேக்கை வெச்சுக்கிட்டு உக்கார யார் இருக்கா? அதான் முடிவு பண்ணிட்டேன். நீங்க கத்துக்கிட்டதும் வேலையை விட்டுடறேன். மச்சான் குடோன்ல காவலுக்கு ஆள் கேட்டிருக்காரு. உக்காந்தா எந்திரிக்க வேண்டாம். பாலமும் கிடையாது.

— நான் கத்துக்கிட்டதுமா?

— ஒரு மாசம் முன்னாடியே போயிருப்பேன். உங்களைப் பாதில விட்டுட்டுப் போக மனசு வரல. இதைச் சொன்னா வாத்தியார் மரியாதை போயிடும், பரவால்ல, சொல்லிடறேன். முப்பத்தெட்டு நாளா ஒரே தப்பை ஒரே இடத்துல ஒரே மாதிரி பண்றீங்க. நான் கத்தறேன். மறுநாள் அதே மூக்குக் கண்ணாடி, அதே தண்ணி பாட்டில், ‘சரி மாஸ்டர், முதல்லேர்ந்து’ன்னு வந்து உக்கார்றீங்க. இந்த வயசுல இந்தத் தைரியம் எங்கேர்ந்து வருதுன்னு நெனச்சு நெனச்சு, சில நாள் காலைல நான் படுக்கையை விட்டு எந்திரிக்கறதே அதைப் பாக்கத்தான்.

— அப்படியா?

— ஏன் அக்கா, கண்ணாடியைக் கழட்டறீங்க?

— தூசி. சரி, இப்ப என்ன பண்றது? இந்த வண்டி இங்கயே நிக்க முடியாது. நீங்க இன்னைக்குப் பூரா ஓட்டக் கூடாது.

— அதான் சொல்றேன், நான் முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், நீங்க மெதுவா ஓட்டுங்க.

— பாடம் எடுக்கறவரா நீங்க இன்னைக்கு அந்த சீட்ல உக்காரக் கூடாது. ஃபோனை எடுங்க. முதலாளியம்மாவைக் கூப்பிடுங்க.

— கூப்பிட்டு என்ன சொல்றது, வாயுன்னா?

— நடந்ததைச் சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன். நீங்க என் கவுண்டர்ல வாங்கினது என் வாயிலேர்ந்து வெளிய வராது, இன்னைக்கும் வராது. நீங்கதான் சொல்லணும்.

— வேலை போயிடும்.

— விடப்போறேன்னுதானே சொன்னீங்க?

— விடறது வேற, போறது வேற அக்கா.

— அப்ப விட ஆசை இல்ல.

— இருங்க, நம்பரைப் போடறேன். சரி. ரிங் போகுது. அம்மா, நான்தான் மா. இல்ல, வண்டிக்கு ஒண்ணும் இல்ல. நான்தான். பாலத்துல எனக்குப் பயம் மா. நாலு மாசமா. இல்லம்மா, விளையாடல, முதல் தடவையா விளையாடாம பேசறேன். டாக்டர்கிட்ட போனேன், மருந்து இருக்கு, நான்தான் ஒழுங்கா எடுத்துக்கல. இன்னைக்குத் தூக்கம் வர்ற மாத்திரையைப் போட்டுட்டு வண்டில ஏறிட்டேன். தப்புதான். யாருக்கும் ஒண்ணும் ஆகல, அக்கா நிறுத்திட்டாங்க. ம். ம். சரி மா. நாளைக்கா? சரி. வண்டியை எடுத்துட்டு வர ஆள் அனுப்புங்க மா. என்னது? அம்மா, கேக்கல, திரும்பச் சொல்லுங்க. அம்மா? வெச்சுட்டாங்க.

— என்ன சொன்னாங்க?

— ‘பதினோரு பேரையும் திரும்பக் கூப்பிட்டு நீயே பாலத்துல பழக்கி பாஸ் பண்ண வெக்கணும், அதுவரைக்கும் உன்னை எங்கயும் விட மாட்டேன். டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் ஆபீஸ்ல பாடம் மட்டும் எடு’ன்னாங்க. நாளைக்கு மருந்தோட வந்து நிக்கணுமாம்.

— நல்ல அம்மா.

— நல்லவங்கதான், ஆனா இப்ப மூளை கலங்கிப் போச்சு. வண்டியை எடுத்துட்டு வர ஆள் அனுப்புங்கன்னேன். ‘எதுக்கு ஆளு, அந்த அக்காவையே ஓட்டிட்டு வரச் சொல்லு, நீ பின்னாடி படுத்துக்கோ’ன்னு சொல்லிட்டு வெச்சுட்டாங்க.

— சொன்னதைச் செய்யுங்க. எறங்கிப் பின் சீட்டுக்குப் போங்க. பெல்ட்டைப் போட்டுக்குங்க. பாலம் இன்னைக்கு வேண்டாம், அது மாத்திரை இல்லாம, தூரத்துல நின்னு பாக்கறதுலேர்ந்து தொடங்கணும். கீழ் ரோட்டுல போய், போற வழியில கடைல உங்க தினசரி மாத்திரையை எடுத்துக்கலாம்.

— நான் பின்னாடி போனா ரெண்டாவது பிரேக்ல யார் இருப்பா? தனியா ஓட்ட உங்களுக்கு லைசென்ஸ் இல்ல, மூணாவது கியரும் இல்ல. போலீஸ்காரர் நிறுத்தினா என்ன சொல்வீங்க அக்கா?

— எனக்கு லைசென்ஸ் வந்து பத்தொம்போது வருஷம் ஆச்சுன்னு சொல்வேன் தம்பி, முதலாளியம்மாவுக்கும் அது தெரியும். டாக்டர் சீட்டுல ஒரு மாத்திரையை மட்டும் வாங்கிட்டுப் போன ஆள் பக்கத்துல தினம் ஒரு மணி நேரமாவது ஒருத்தர் உக்காரணும்னுதான் உங்ககிட்ட வந்து சேர்ந்தேன்.